எருமை வல்லுநரின் பதினொரு மேற்கோள்கள்

"மூத்த ஆராய்ச்சி அதிகாரி, எருமை மடி நோய்களில் உலகறிந்த வல்லுநர்." 1983-இல் மலேசியக் கால்நடை நிலையம் ஒன்றின் ஆண்டறிக்கை பழனியாண்டியை இப்படித்தான் அறிமுகப்படுத்தியது. எருமை எதிரே வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிற மனிதர் அவர்.

வாசகரே, இவர் ‘மேற்கோள் எண்ணி’ என்னும் இனம். இந்த இனமும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும். எழுதிய மறுநாளிலிருந்து, அதை யார் எங்கே குறிப்பிட்டார்கள் என்று தேடத் தொடங்கிவிடும். அதற்கென்றே மேற்கோள் அட்டவணை என்று ஒன்று உண்டு: உலகத்து ஆய்விதழ்களையெல்லாம் சலித்து, யாரை யார் குறிப்பிட்டார் என்று கடுகெழுத்தில் அச்சடித்த, தலையணை பருமன் தொகுதிகள். மாதம் ஒரு சனிக்கிழமை பழனியாண்டி சுங்கைப் பட்டாணியில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, பினாங்கில் ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்து, ரப்பர் இலைப் பூஞ்சையைப் பார்க்க, அப்போது அவர் வேலை பார்த்த ரப்பர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பூதக்கண்ணாடியால் தம் பெயரைத் தேடுவார். பூஞ்சை? அது எங்கே போய்விடப்போகிறது!

ஆய்விதழ்களை எடைபோட அவரிடம் இருந்தது ஒரே படிக்கல். தம்மைக் குறிப்பிட்டால், "தரமான ஏடு." குறிப்பிடாவிட்டால், "மிளகாய்த்தூள் மடிக்கலாம்." அதுவரை எல்லா ஏடும் மிளகாய்த்தூளுக்குத்தான் போயின.

1982-இல் சுற்றறிக்கை ஒன்று வந்தது: மூத்த அதிகாரி பதவி வேண்டுமானால், பிறர் தம்மைக் குறிப்பிட்ட மேற்கோள் பத்தாவது இருக்க வேண்டும். பதவிக்காக எட்டு வருடம் காத்திருந்தவர் நூலகத்துக்கு ஓடினார். அங்கே வேலை செய்யும் பிரிஜெட் தொகுதியைப் புரட்டினாள்.

"அண்ணே, பழனியாண்டின்னு ஒண்ணுமே இல்லலா."

"நல்லா பாரு, தங்கச்சி!"

"ராமையா பி-ன்னு இருக்கு. பதினொண்ணு. யாருண்ணே அது?"

யாரா? அப்பா! இங்கே மலேசியாவில் நாம் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரை எழுதுவோம். வெள்ளைக்காரப் பதிப்பாசிரியர், கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டி, மகனை ஒற்றை எழுத்தாக்கித் தகப்பனை விஞ்ஞானியாக்கிவிட்டார்.

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய ராமையாவுக்குச் செய்தி கேட்டுத் தலைகால் புரியவில்லை.

"எம்பேரு இங்லீஷ் புஸ்தகத்துல பதினொரு தடவ வந்திருக்கா?"

"அது நான்தாம்ப்பா."

"அப்புறம் எதுக்குடா எம்பேர போட்டிருக்கான்? சரி, நான் என்னா சொல்லியிருக்கேனாம்?"

பழனியாண்டி நூலகத்தில் குறித்துவந்த தாளைப் பார்த்தார். நான்கு இடத்தில் ரப்பர் இலை. ஏழு இடத்தில் எருமை மடி. உலகத்தின் எந்த மூலையிலோ இன்னொரு பி. ராமையா இருந்திருக்கிறார்.

"எருமையா? நம்மகிட்ட ஆடுகூட இல்லியேடா!"

நான்கு என்று எழுதினால் பதவி இல்லை. பழனியாண்டி படிவத்தில் பதினொன்று என்று எழுதினார். சான்றாகப் பிறப்புப் பத்திர நகலையும் இணைத்தார். தகப்பன் பெயர் ராமையா. இதில் பொய் எங்கே இருக்கிறது?

அலோர் ஸ்டாரில் நேர்காணல். தேர்வுக் குழுத் தலைவர் ஜூலியஸ் அந்தத் தொகுதியை மேசைமேல் விரித்தே வைத்திருந்தார்.

"இந்த ராமையா நீங்கதானா?"

"ஆமாங்க சார்."

"பதினொண்ணுமா?"

"எல்லாமே சார்."

"ரப்பர்ல இருந்த ஒரே இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. ஆனா கால்நடை நிலையத்துல எருமைக்கு ஆள் இல்லாம ஒரு வருசமா தவிக்கிறோம். நல்லவேளை, வந்தீங்க!"

சிரிக்கிறீர்களா? கோயில் மலரோ மாதாகோயில் ஆண்டு மலரோ கையில் கிடைத்ததும், நேரே பின்பக்கம் புரட்டித் தம் பெயரைத் தேடாதவர்கள் மட்டும் சிரியுங்கள். மற்றவர்களுக்கு எழுத்து பொடியாக இருந்தால், பழனியாண்டியிடம் அந்தப் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எருமை அது இல்லாமலே தெரிகிறது.

அவர் உண்மையில் செய்தது இவ்வளவுதான்: ரப்பர் இலையைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதினார், படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினார்.