எல்லாருக்கும் ஒரே சொந்த ஊர்

பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் வரவில்லை, பூகோளமும் வரவில்லை; இரண்டையும் ஒரே பாடமாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் வந்துவிடாதா என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல யோசனை. ஆனால் நம்ம ஊரில் ஒரு நல்ல யோசனையைச் சும்மா விட்டுவிட முடியுமா? அதற்கு ஓர் இயக்கம் வேண்டும், ஓர் இயக்குநர் வேண்டும், செங்கல்பட்டில் ஏ.சி. போட்ட ஒரு ஹாலில் பயிற்சி வகுப்பு வேண்டும், மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி வேண்டும். எல்லாம் ஏற்பாடாயிற்று. 'மொழி நில ஒருங்கிணைப்பு இயக்கம்' என்று பேரும் வைத்தாயிற்று.

அந்தப் பயிற்சிக்கு ரெபேக்காளும் போயிருந்தாள். நெம்மேலிக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், கடலோரமாக இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். தற்காலிக டீச்சர். ஏப்ரல் வந்தால் வேலை முடிந்துவிடும். ஜூனில் திரும்பக் கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மே மாதம் முழுக்க போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் பாவம். இந்தத் தடவை இயக்கத்தார் மேடையிலேயே ஓர் அறிவிப்பு விட்டார்கள்: எந்த வகுப்பு 'முன்மாதிரி வகுப்பு' ஆகிறதோ, அந்த வகுப்பு டீச்சருக்குப் பணி நிரந்தரம். ரெபேக்காள் அன்றைக்குப் பிரியாணியைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

எழுதிக்கொண்டதில் முதல் வரி இது: 'குழந்தை தன் சொந்த ஊரிலிருந்து தொடங்கட்டும்.' அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இதைத்தானே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சந்தோஷமாக பஸ் ஏறினாள்.

இயக்கத்தின் பாடப் புத்தகம் வர இன்னும் நாள் இருந்தது. அதனால் அவள் பாட்டுக்குத் தன் புத்தியை வைத்துப் பாடம் நடத்திவிட்டாள். பிள்ளைகளை மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு குச்சியைக் கொடுத்து ஊரை வரையச் சொன்னாள். ஸ்டான்லி பள்ளிக்கூடத்தைப் போட்டான். சிநேகா கடலைப் போட்டாள். சவுக்குத் தோப்பு, மேற்கே ஈ.சி.ஆர். ரோடு, கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குகிற ஃபேக்டரி, சர்ச், மாரியம்மன் கோயில் எல்லாம் மணலில் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பேர் சொன்னாள். சரி, இது எந்தப் பக்கம், அது எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதுவரை 'யெஸ் மிஸ்' தவிர இங்கிலீஷில் வாயைத் திறக்காத சிநேகா, 'தி சீ இஸ் டு தி ஈஸ்ட் ஆஃப் மை ஸ்கூல்' என்றாள். சொல்லிவிட்டுக் கடலைத் திரும்பிப் பார்த்து, அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள். ரெபேக்காளுக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படி உருப்படியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் பாஷ்யம் சார் ஆய்வுக்கு வந்தார். இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர். ஒருத்தரையும் அதட்டிப் பேச மாட்டார். கையில் டேப் என்கிற கைக்கணினி, தோளில் இயக்கத்தின் பேர் போட்ட சணல் பை. பையிலிருந்து புதுப் புத்தகங்களை எடுத்துத் தலைமையாசிரியை தெய்வநாயகியிடம் கொடுத்துவிட்டு, நேராக வகுப்புக்கு வந்தார்.

"வாட் இஸ் டு தி ஈஸ்ட் ஆஃப் யுவர் ஸ்கூல்?"

சிநேகா எழுந்தாள். "தி சீ, சார். வீ கேன் ஹியர் இட், சார்."

வாஸ்தவத்தில் அந்த நேரம் கடல் சத்தத்தில் பாஷ்யம் சாரின் கேள்விதான் சரியாகக் கேட்கவில்லை. அவர் டேப்பில் ஏதோ தட்டினார். திரை சிவப்பாக மாறியது.

"தப்பும்மா. கிழக்கே மலை."

"சார்?" என்றாள் ரெபேக்காள்.

"முதல் பாடம், 'மை நேட்டிவ் பிளேஸ்'. கிழக்கே மலை, மேற்கே ஆறு. தண்ணி பெருகி வந்தா மலைக்கு ஓடணும். விடைக் குறிப்புல தெளிவா இருக்கே."

"சார், கடல் அதோ இருக்கு. ஜன்னல்ல பாருங்க."

பாஷ்யம் சார் பார்த்தார். நல்ல மனுஷர், பார்க்கச் சொன்னால் பார்ப்பார். "இருக்கும்மா. நான் இல்லேன்னு சொல்லலையே. வர்ற வழியில கொஞ்ச நேரம் நின்னு காத்து வாங்கிட்டுத்தான் வந்தேன். ஆனா டேப்ல இல்லையே."

"பயிற்சியில சொந்த ஊர்லேருந்து தொடங்கச் சொன்னீங்க சார்."

"ஆமா, அதுதான் நம்ம இயக்கத்தோட அடிப்படைக் கோட்பாடு. ஆனா ஆளாளுக்கு ஒரு சொந்த ஊர் வச்சிக்கிட்டா எப்படிம்மா மதிப்பெண் போடறது? அதனால நிபுணர் குழு உக்காந்து பேசி, எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு சொந்த ஊரை நிர்ணயம் பண்ணியிருக்கு. நல்ல குளிர்ச்சியான ஊர்."

"அப்ப கடலை என்ன சார் பண்றது?"

"கடலுக்கு இயக்கம் ஒண்ணும் எதிரி இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். பாடத்துக்குக் குறுக்கே வராம இருந்தா போதும்."

அவர் போனதும் தெய்வநாயகி ரெபேக்காளைத் தனியாகக் கூப்பிட்டார். "இதோ பாரும்மா. கடல் எங்கேயும் போயிடாது. வேலை போயிடும். யோசிச்சுக்கோ."

ரெபேக்காள் யோசித்தாள். அவள் புருஷன் செத்துப்போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மறுநாள் காலையில் வகுப்பில் போய், 'தி மவுண்டன் இஸ் டு தி ஈஸ்ட் ஆஃப் மை ஸ்கூல்' என்று போர்டில் எழுதினாள். எழுதும்போது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்டான்லி விடுவானா? "டீச்சர், மலை எங்க கீது?"

"பாடத்துல கீதுடா."

"அப்ப கடலு?"

"முன்மாதிரி வகுப்பு ஆவற வரைக்கும் கடலு கிடையாது. சொல்லு, ரிப்பீட் ஆஃப்டர் மீ."

சொன்னான். எல்லாரும் சொன்னார்கள். டீச்சர் ஒன்று சொன்னால் அதைத் திருப்பிச் சொல்வதுதான் இங்கிலீஷ் என்று பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அப்புறம் யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

பெற்றவர்கள் ஏதாவது சண்டைக்கு வருவார்களோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். வந்தார்கள், கும்பிடு போட வந்தார்கள். சிநேகாவின் அப்பா சின்னையன் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். பின் சீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசுகிற பொண்ணுகளைப் பார்த்துப் பார்த்து, தன் பொண்ணும் ஒரு நாள் பின் சீட்டில் உட்கார வேண்டும் என்று ஏங்குகிறவன். பெஞ்சாதி சந்திரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னா டீச்சர், பின்னிப்புட்டீங்க! எம் பொண்ணு வூட்ல தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசிகினு கீது. கிழக்கால மவுண்டன் கீதாம்!"

சந்திரம்மா மெதுவாக, "கிழக்கால கடலு கீதேய்யா. நம்ம வூட்டுக்கு எதிர்லயே கீதே" என்றாள்.

"அட, அது தமிழ்ல. இங்கிலீஷ்ல மலை. உனுக்கு இன்னா தெரியும், சும்மா கெட."

ரெபேக்காள் சிரித்து மழுப்பினாள். வேறென்ன செய்ய?

அடுத்த ஆய்வில் திரை பச்சையாக மாறியது. ஆனாலும் பாஷ்யம் சார் உதட்டைப் பிதுக்கினார். 'சுட்டிக்காட்டும் திறன்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்ததாம். குழந்தை வாயால் சொன்னால் போதாது, கையை நீட்டிக் காட்டவும் வேண்டும். காட்டினால் அங்கே மலை இருக்க வேண்டும். கடல் இருந்தால் குழந்தை குழம்பிப்போகும், மனநலம் பாதிக்கும். ஆகவே கற்றல் சூழலை மேம்படுத்தும் பொருட்டுக் கிழக்குப் பக்கம் மதில் எழுப்ப உத்தரவாயிற்று. கக்கூசுக்குக் கதவு கேட்டுத் தெய்வநாயகி பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார், அது வரவில்லை. மதில் பத்தே நாளில் வந்தது.

மதிலில் மலை வரைய மாமல்லபுரத்திலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தார்கள். லாட்ஜுகளுக்குப் போர்டு எழுதியே பழகியவர். நல்ல உயரமான மலையாகப் போட்டு, உச்சியில் பனியும் அப்பி, பழக்க தோஷத்தில் அடிவாரத்தில் 'ரூம் காலி உள்ளது' என்று எழுதிவிட்டார். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேட்டை வைத்தார்கள்.

முன்மாதிரி வகுப்பு அறிவிப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. சென்னையிலிருந்து இயக்குநரே வருகிறார். அதே பள்ளியில் பேரிடர் ஒத்திகை ஒன்றும் பாக்கி இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஒரே ஷாமியானா போதும் என்று முடிவு செய்தார்கள். வாசலில் 'ஆங்கிலச் சூழல் வளாகம், தாய்மொழி தவிர்க்கவும்' என்று பேனர். ரெபேக்காளின் நிரந்தர ஆணை அச்சடித்து மேஜைமேல் ரெடியாக இருந்தது. இயக்குநர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போகிற வழியில் அவள் தன் பேரை அதில் படித்துப் பார்த்தாள். தப்பில்லாமல் இருந்தது.

அன்றைக்குக் கடலுக்கு என்ன கோபமோ தெரியவில்லை. காலையிலிருந்தே காற்று. மீன்பிடி போட்டுகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அலை சவுக்குத் தோப்பு வரைக்கும் ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஷாமியானாவில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில்தான் மலை இருக்கிறதே.

சைரன் ஊதியது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "சில்ட்ரன்! தி வாட்டர் இஸ் ரைசிங்! வாட் ஷுட் வீ டூ?"

"வீ ரன் டு தி மவுண்டன்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. கத்திவிட்டு ஓடியது. கேட்டைத் திறந்துகொண்டு, மலை அடிவாரத்தைத் தாண்டி, நேரே கடலைப் பார்த்து ஓடியது. சிநேகாதான் முன்னால்.

ஷாமியானாவில் ஒரே கைதட்டல். "ஹண்ட்ரட் பர்சன்ட் காம்ப்ரிஹென்ஷன்!" என்று இயக்குநர் எழுந்து நின்றார். பெற்றவர்கள் வரிசையில் சின்னையன் விசில் அடித்தான்.

ரெபேக்காள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினாள். ஓடும்போதும் அந்தக் காகிதம் நினைவில் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதனால் இங்கிலீஷிலேயே கத்தினாள். "ஸ்டாப்! கம் பேக்! டேஞ்சர்!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "ஸ்டாப்! கம் பேக்! டேஞ்சர்!" என்று ஒரே குரலில் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே ஓடினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் இன்னும் பலமாகக் கேட்டது.

சிநேகா முழங்கால் தண்ணியில் நின்றுகொண்டு மலையைத் தேடினாள். எதிரில் ஓர் ஆள் உயரத்துக்கு அலை எழும்பியது. ரெபேக்காளுக்கு அதற்கப்புறம் காகிதமும் நினைவில் இல்லை, கத்தரிக்காயும் நினைவில் இல்லை.

"அடியேய் சிநேகா! கடலுடீ அது! அலை வருதுடீ! டேய் பசங்களா, ரோட்டாண்ட ஓடியாங்கடா!"

அத்தனை பிள்ளைகளும் அலறி அடித்துக்கொண்டு திரும்பின. சிநேகாவைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து கேட்டுக்குள் வந்தார்கள். ரெபேக்காள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள். "கர்த்தரே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷாமியானாவில் கைதட்டல் நின்றிருந்தது. இயக்குநர் பேனாவை மூடிவிட்டுக் காருக்குப் போனார். பாஷ்யம் சார் மட்டும் வருத்தமாகப் பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் பிரமாதமா போச்சும்மா. கடைசியில இப்படிப் பண்ணிட்டீங்களே. ஆங்கிலச் சூழல்ல தமிழ், அதுவும் 'டா' போட்டு!"

"சார், பிள்ளைங்க கடல்ல போயிருப்பாங்க சார்."

"போகலையேம்மா. போயிருந்தாலாவது விதிவிலக்கு கேட்டு எழுதலாம். ஒண்ணுமே ஆகாதப்ப நான் என்னன்னு எழுதறது?"

அவள் வேலை அந்த வாரமே முடிந்தது. ஏப்ரல் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

பை, டிபன் டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் கிளம்புகிற அன்றைக்கு, சின்னையன் நாலைந்து பெற்றவர்களோடு வந்து நின்றான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். எம் பொண்ணு உசுர நீங்கதான் காப்பாத்துனீங்க. எங்க வூட்ல விளக்கு ஏத்தும்போதெல்லாம் உங்களத்தான் நெனச்சிக்கறோம். ஆனா இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் பேசிட்டீங்களே, அதான் பேஜாரா கீது. பசங்க திரும்பத் தமிழ்ல ஆரம்பிச்சிடுச்சுங்க. கேட்டா கிழக்கால கடலுன்னுதுங்க."

"இப்ப என்ன பண்ணணும் சின்னையன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "செங்கல்பட்டுக்கு ஒரு மனு குடுக்கணும் டீச்சர். அடுத்து வர்ற டீச்சரு, எந்த ஆபத்து வந்தாலும், இன்னா ஆனாலும், தமிழ்ல மட்டும் கத்தக்கூடாதுன்னு. மனு இங்கிலீஷ்ல இருந்தாத்தான் மதிப்பாங்க. எங்க யாருக்கும் எழுத வராது. ஊர்ல எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் கீறீங்க."

ரெபேக்காள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஏன் எழுதினாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. எழுதி முடித்து, பழக்கத்தில் ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை புரியாமல் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சந்திரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னா இங்கிலீஷுப்பா!" என்றான் சின்னையன். "இப்பேர்ப்பட்ட டீச்சரப் போயி எந்தக் கம்னாட்டி வேணாம்னான்?"

கேட்டுவிட்டு, முதல் ஆளாக அவனே அதில் கையெழுத்துப் போட்டான்.