தன்னைவிடக் கனமானவன்

போர் வந்தது, சினிமா கொட்டகை மூடியது. தேர்தல் வந்தது, அதே கொட்டகை திறந்தது. இந்த முறை திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் காட்டியவர் தராசு ஞானி.

மேடையில் தரைவரை துணி தொங்கும் மேசை. அதன்மேல் இரும்புத் தட்டுகள் வைத்த தராசு. ஒன்றில் ஆளுங்கட்சித் தலைவர் மீசைக்காரரின் படம், மற்றதில் எதிர்க்கட்சித் தலைவர் கண்ணாடிக்காரரின் படம். யார் தட்டு தாழ்கிறதோ அவருக்கே யோகம், போரில் வெற்றியும் அவர் கையால்தான். காலையில் மீசைக்காரரின் ஆட்கள் கூடினால் மீசை கனத்தது. மாலையில் கண்ணாடிக்காரரின் ஆட்கள் கூடினால் கண்ணாடி கனத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விதிக்கும் மனசு மாறிவிடும் போலிருக்கிறது! இதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கா போனார்கள்? வாயைப் பிளப்பதற்கல்லவா போனார்கள்!

புகைப்படக் கடையில் படம் கழுவிப் போடும் மருமகளுக்கு இந்தக் கூத்து சிரிப்பாகத்தான் இருந்தது, அவள் மாமியார் அங்கே போய்வரும் வரை. போர்முனையில் இருக்கும் மகனின் படத்தை மாமியார் கொண்டுபோய் நீட்டினாள். ஞானி அதை ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் ஒரு தோட்டாவை வைத்தார். தோட்டா தாழ்ந்தது. காகிதத்தைவிடத் தோட்டா கனம் என்று கண்டுபிடிக்க எப்பேர்ப்பட்ட ஞானம் வேண்டும், பாருங்கள்!

"மீசைக்காரர் ஜெயிச்சா தோட்டா லேசாகும்மா. உன் தெரு ஓட்டு மொத்தமும் அவருக்கு விழணும். இல்லேன்னா புள்ள பெட்டியிலதான் வருவான்" என்றார் ஞானி, கட்டணத்தை மடியில் முடிந்துகொண்டே.

மாமியார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். பிறகு படுத்துவிட்டாள். சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"அத்தை, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடிக்குத்தான் போடுவேங்கறான்டி. என் புள்ளையக் கொல்லப் பாக்கறான்."

"தோட்டா ஈயம் அத்தை. கனமா இல்லாம எப்படி இருக்கும்?"

"வாய மூடுடி! பெத்த வயிறு எரியுது, நீ எடை பேசறே."

மருமகளுக்கு மட்டும் எரியவில்லையா? அவன் அவளுக்குப் புருஷன். பசியால் இந்தக் கிழவி போய்விட்டால், திரும்பி வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

பிரச்சாரம் முடியும் நாள். தராசு எங்கள் பக்கம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் கொட்டகை வாசலில் கைகலந்தார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒரே தடவை நிறுத்துக் காட்டு என்று ஞானியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். தலைவர்களின் படங்களை அச்சிட்டுக் கொண்டுவரும் வேலை புகைப்படக் கடைக்கு வந்தது. மருமகள் இரண்டு ஒட்டிய உறைகளோடு மேடையேறினாள். மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள்.

ஞானி முகம் சுளித்தார். "உறை எதுக்கு? முகம் தெரியணுமே!"

"யாருக்குத் தெரியணும்? எடை போடறது தராசா, நீங்களா?"

"அதானே! மூடியே இருக்கட்டும். யாரும் குறை சொல்ல முடியாது" என்று இரண்டு கட்சிக்காரர்களும் கத்தினார்கள். அந்தத் தேர்தலில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஞானிக்கு வியர்த்தது. கண்ணை மூடினார், எதையோ முணுமுணுத்தார். வலது தட்டு மெல்லத் தாழ்ந்தது.

"ஆகா! இதுல இருக்கிறவருக்கு ராஜயோகம்! நூறு வருஷம் ஆயுசு! அந்தப் பக்கம் இருக்கிறவரு மண்ணக் கவ்வுவாரு, சீக்கிரமே சாவு!"

மருமகள் இரண்டு உறைகளையும் கிழித்து, படங்களை உயர்த்திக் காட்டினாள். இரண்டிலும் ஒரே படம். சீருடையில் அவள் புருஷன்.

மாமியார் எழுந்தாள். நாலு நாளாகச் சோறு இறங்காத வாய்.

"ஏய்யா, என் புள்ள எப்படிய்யா என் புள்ளையவிடக் கனமாவான்? நூறு வருஷம் இருக்கறவனும் அவன்தான், நாளைக்கே சாவறவனும் அவன்தானா?"

யாரோ மேசைத் துணியை உருவினார்கள். கீழே ஒரு மிதிபலகை, மிதித்தால் தட்டுக்கடியில் எழும்பும் ஒரு காந்தம், பலகைமேல் ஞானியின் கால் கட்டைவிரல். இத்தனை நாள் நாட்டின் தலைவிதியை நிர்ணயித்தது அந்த விரல்தான்! ஞானி செருப்பை விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினார்.

அன்று மாமியார் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கை கழுவுவதற்குள் மீசைக்காரரின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "அம்மா, ஓட்டு நமக்குத்தானே?" அவர்களுக்குப் பின்னாலேயே கண்ணாடிக்காரரின் ஆட்கள்.

மாமியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"என் புள்ளையத் தோட்டாவோட வச்சு நிறுத்தாச்சு. உங்க தலைவருங்க புள்ளைங்க எந்தப் போர்முனையில இருக்காங்க?"

இரண்டு கூட்டமும் வந்த வழியே நடையைக் கட்டியது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தராசும் வேண்டாம், ஞானியும் வேண்டாம். கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்தினால் போதும். தேர்தலுக்குத் தேர்தல் அதைத்தானே ஐயா நீங்கள் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள்!