வைரவர் வாகனத்துக்கு வந்த அவசரம்

சனிக்கிழமை காலை. வெளிநாட்டில் நம்மவர்கள் குடியேறிய ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், ஒரு வீட்டுக் கராஜுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. வீடு மலிவாக விற்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நாய்களுக்குக் கண்ணூறு, அதுதான் திருஷ்டி, கழிக்கிறார்கள்.

நாய் வைரவரின் வாகனம். ஆகவே நாய்க்கு நோய், வருத்தமென்றால் வைரவரிடம்தான் காட்ட வேண்டும். கார் பழுதானால் கம்பனிக்குக் கொண்டுபோவதில்லையா, அப்படித்தான். இந்த அரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் வைரவதாசர். முன்பு அவர் வெறும் தங்கத்துரை; வீடு விற்றுக்கொடுக்கும் முகவர். வீட்டு விலை விழுந்தது, வைரவர் எழுந்தருளினார்.

கராஜின் நடுவே ஒரு சூலம். அதன் கீழே பெரிய தட்டில், காய்ந்த திராட்சை தூவிய சர்க்கரைப் புக்கை, பொங்கல்தான். பக்கத்தில் மெத்தை போட்டு ஒரு கறுத்த நாய், மினுமினுவென்று. தாசரின் சொந்த நாய். பக்தர்கள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். அது கொட்டாவி விட்டது. அந்தக் கராஜுக்குள் கொஞ்சமாவது தெளிவாக இருந்தது அது ஒன்றுதான்.

தாசர் நோயாளி நாயைத் தேசிக்காயால், அதாவது எலுமிச்சங்காயால், மூன்று தரம் சுற்றுவார். பிறகு ஒரே ஒரு சட்டம்: மிருக வைத்தியரிடம் போகக் கூடாது. ஊசி பட்ட உடம்பில் வைரவர் இறங்க மாட்டாராம். சூலம் ஏந்தியவருக்கு ஊசியென்றால் பயம் என்பது இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அஜக்ஸ் என்ற ஊரிலிருந்து வந்த ஜெயமலர், தன் நாய் மிலோவை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தாள். பிள்ளைகள் வேலை, கலியாணம் என்று போன பிறகு, அவள் சொல்லும் கதையை முழுதாகக் கேட்கிற ஒரே சீவன் மிலோதான். அது விடியத் தொடங்கிச் சத்தி எடுக்கிறது, வாந்திமேல் வாந்தி. தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வால் அசையவில்லை. இதைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று அவளுக்கு நெஞ்சு பதறியது. பதறிய நெஞ்சோடு அவள் ஓடிவந்த இடம் இந்தக் கராஜ்.

காரை ஓட்டி வந்தவள் அவளுடைய மச்சாள் யோகராணி. வந்ததிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்காரவே இல்லை.

"மச்சாள், உது கண்ணூறு இல்லை. நேற்று என்ன திண்டது?"

"வெள்ளிக்கிழமைப் படையலிலை பிளம்ஸ் கொட்டுண்டது. அதைப் பொறுக்கித் திண்டிட்டுது. சாமிக்குப் படைச்சது என்ன செய்யப்போகுது?"

காய்ந்த திராட்சையைத்தான் நம்மவர்கள் பிளம்ஸ் என்பார்கள். யோகராணி வெளியே போய் அவசர மிருக வைத்தியசாலைக்குப் போன் எடுத்தாள். என்ன தின்றது, எத்தனை தரம் சத்தி எடுத்தது, சோர்ந்து படுத்துவிட்டதா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: காய்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொறுத்துப் பார்க்கிற நேரமில்லை, இப்போதே கொண்டுவாருங்கள்.

"எழும்பு மச்சாள். பிளம்ஸ் நாய்க்கு நஞ்சாம்."

"இன்னும் ரெண்டு பேர்தான், பிறகு எங்கட முறை. ஊசி பட்டால் தன்னாலை ஒண்டும் செய்யேலாதெண்டு சாமி சொன்னவர்."

யோகராணி வரிசையைத் தாண்டித் தாசரிடமே போனாள். "சாமி, அந்த நாய் பிளம்ஸ் திண்டிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

தாசர் மிலோவை எட்டிப் பார்த்தார். "உது பக்கத்து வீட்டுக் கண், தங்கச்சி. மூண்டு நாள் பொறுங்கோ. வைரவர் பார்த்துக்கொள்ளுவார்."

யோகராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாளில் வைரவருக்குப் பார்க்க நாய் இருக்காது.

தாசர் மந்திரம் தொடங்கினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லித் தானும் மூடினார். யோகராணி மூடவில்லை. தட்டிலிருந்து ஒரு கை புக்கையை அள்ளித் தன் கைப்பைக்குள் போட்டாள். பிறகு சாவதானமாகச் சொன்னாள்:

"சாமி, உங்கட நாய் புக்கைத் தட்டிலை வாய் வைச்சிட்டுது."

மந்திரம் பாதியில் நின்றது. தட்டில் பள்ளம்.

"பிளம்ஸும் திண்டதோ?"

"ஓம் போலை கிடக்கு."

"ஐயோ, அது நாய்க்கு நஞ்செல்லோ!" தேசிக்காய் ஒரு பக்கம் உருண்டது. தாசர் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்வீட்டிலிருந்த மனைவியிடம் கார்ச் சாவி கேட்டுக் கத்தினார். "இஞ்சேரும், கார்த் திறப்பைக் கொண்டு ஓடிவாரும். டொக்டருக்குப் போன் எடுத்து வாறமெண்டு சொல்லும்."

யோகராணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "மூண்டு நாள் பொறுக்கலாமே சாமி."

"விசர்க் கதை கதையாதையும். வழியை விடும்."

"ஊசி போட்டால் வைரவர் இறங்கமாட்டாரெண்டு சொன்னனீங்கள்."

"வைரவரை விடும் பிள்ளை, என்ரை நாய் செத்துப்போம்!"

சொன்ன பிறகுதான் தாசருக்குத் தான் சொன்னது கேட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் நாயைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

யோகராணி கைப்பையைத் திறந்து புக்கையைக் காட்டினாள். "உங்கட நாய் ஒண்டும் திண்ணேல்லை. உங்கட நாயெண்டால் டொக்டர், எங்கட நாயெண்டால் தேசிக்காய். அப்பிடித்தானே?"

ஜெயமலர் மிலோவோடு இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். "காரை எடு மச்சாள். கெதியா எடு."

அவளுக்குப் பின்னால் வரிசையும் கலைந்தது.

மிலோ பிழைத்தது. முன்காலில் ஊசியும் சேலைனுமாய்க் கிடந்து, ஒருநாள் மெல்ல வாலை ஆட்டியது. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் வைத்தியர். ஜெயமலர் அழுதாள், தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

தாசரின் கராஜ் இப்போது பூட்டிக் கிடக்கிறது. நாளைக்கு வேறொருவர் வேறொரு கராஜைத் திறப்பார், நம்மவர்களும் போவார்கள். போங்கள், யார் தடுத்தது? ஆனால் கும்பிடுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள்: தன் வீட்டில் ஒரு உயிருக்கு வருத்தமென்றால், அந்தச் சாமி எங்கே ஓடுகிறார்?