கையெழுத்தால் போட்டுக்கொண்ட தடுப்பூசி

எனக்கு ஊசி என்றால் பயம். பயப்படுவது குற்றமில்லை. ஆனால் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதே என் வேலையாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி என்கிற பொல்லாத மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டார்கள். மூன்று தவணை. மூன்று முறையும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விட்டேன். (டீ மட்டும் தவறாமல் மூன்று டோஸ்.)

ஒரு நாள் காலை, பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை செய்த சேகருக்கு ரத்தம் எடுத்தேன். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"வலிக்கவே இல்ல சார்," என்று சிரித்தார்.

அந்த மிதப்பில், செய்யவே கூடாது என்று சொல்லித்தந்திருந்ததைச் செய்தேன். குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போட்டேன். ஊசி மூடியை விட்டுவிட்டு என் கட்டைவிரலில் இறங்கியது. சோப்புப் போட்டுக் கழுவினேன். மதியம் அவருடைய ரிசல்ட்டை நானே பார்த்தேன். ஹெபடைடிஸ் பி, பாசிட்டிவ்.

தொற்றுத் தடுப்பைக் கவனித்த சாந்தா சிஸ்டரிடம் ஓடினேன். நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தடுப்பூசி நோட்டைப் புரட்டினார்.

"ஏன்ப்பா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? மூணு டோஸும் போட்டிருக்கியே. பயமில்ல, போ."

போனேன். மாடிப்படி வரைக்கும். இருபது நாளில் எனக்குக் கல்யாணம். எனக்கு வந்தால், வரப்போகிறவளுக்கும் தொற்றும். திரும்பி வந்தேன்.

"சிஸ்டர், அது... கையெழுத்து மட்டும்தான். ஊசி போட்டுக்கல."

மாணவிகளில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அட பாவி! இதச் சொல்லாம வீட்டுக்குப் போயிருப்பியா நீ?"

அப்போதே இரண்டு ஊசி. உடனடிப் பாதுகாப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஒன்று, நான் ஏமாற்றிய அதே தடுப்பூசி இன்னொன்று. (மயங்கி விழுந்தேன். பிடித்தது மாணவிகள்.) ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மல்லேஸ்வரத்தில், எனக்கு நிச்சயித்திருந்த தேவகியின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கல்யாணப் பத்திரிகைகளின் ஓரங்களில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தேவகி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாட்டிக்கிட்டீங்களா, நீங்களாவே சொன்னீங்களா?"

"நானாத்தான்."

"அப்பா, ஆறு மாசம் தள்ளி வச்சுக்கலாம்," என்றாள்.

மூன்றாம் மாதம் சேகர் இறந்துபோனார். ரிப்போர்ட்டுகளை வாங்க வந்த அவர் மனைவி, "வலிக்காம ரத்தம் எடுத்தவரு நீங்கதானா?" என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ரிப்போர்ட்டுகளைக் கவரில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

எனக்கு நெகட்டிவ் வந்தது. அச்சடித்த தேதியைப் பேனாவால் அடித்து மாமனார் புதுத் தேதி எழுதிக் கொடுக்க, கல்யாணம் நடந்தது. அடித்த தேதியை அவர் இன்னும் மறக்கவில்லை. வருடா வருடம் அன்றைக்குப் போன் வரும்.

"மாப்ளே, இன்னைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகாத நாள். வாழ்த்துக்கள்!"

வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.