தோப்புக்குள்ளே போன எதுகை

கூச்சப்படுகிறவன் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. அவன் பாடத் துணியும்போதுதான் ஆபத்து.

அப்போது நான் கண்டியில் ஒரு காப்பிக் கிட்டங்கியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரரிடம் உப்புக் கேட்கக் கூச்சப்பட்டு, உப்பில்லாமலே தின்று எழுகிற ஆள். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், களத்தில் காப்பி காயவைத்துக்கொண்டிருந்த வள்ளி என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்தே பல மாதம் ஓட்டினேன். பிறகு அக்காள் புருஷன் போய்ப் பெண் கேட்டார். வள்ளியின் அப்பா கருப்பையா கங்காணிக்கு அரை மனசு. சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருந்த ஒருவனும் கேட்டிருந்தான். இருந்தாலும் பரிசம் போட எங்களையே வரச் சொன்னார் கங்காணி.

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில் ஒரு வழக்கம். பரிசம் போடப் போகிறவர்களைப் பெண்கள் கும்மி தட்டி மறிப்பார்கள். மாப்பிள்ளை நாலு அடி பாடினால்தான் உள்ளே விடுவார்கள். இல்லாவிட்டால் தட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

நான் பயப்படவில்லை. மூன்றாம் வகுப்புவரை படித்தவனாயிற்றே. முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். (அர்த்தமும் வேண்டும் என்பது நாலாம் வகுப்பில் வந்திருக்கும். அதற்குள் நான் மூட்டை தைக்கப் போய்விட்டேன்.)

"என்னங்க மாப்பிள்ளை, வாய வீட்டுல வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள், தட்டோடு போன எங்களை மறித்து முன்னால் நின்ற வள்ளியின் சித்தி ஒருத்தி.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"காப்பிக் காட்டைக் கட்டி ஆளும் கருப்பையா கங்காணி,
கூப்பிட்டாலே குன்று தாண்டிக் குரல்கொடுக்கும் கங்காணி..."

கங்காணி மீசையைத் தடவினார். வீட்டில் கட்டிவந்தது அவ்வளவுதான். மிச்ச இரண்டு அடி கூச்சலில் அமுங்கிப்போகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கும்மி நிற்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் தாளம் தட்டும்போது நாக்குச் சும்மா கிடக்காது. காப்பி, கூப்பி... அடுத்து 'ப்' எங்கே என்று தேடியது. கிடைத்ததைப் பிடித்தது.

"தோப்புக்குள்ளே தென்னங்கள்ளைத் தேடிப்போகும் கங்காணி..."

கும்மி நின்றுவிட்டது. (அவர் கள் குடிப்பாரா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அந்த அமைதியில்தான் புரிந்தது.)

"வேற எழுத்தே கெடைக்கலையாடா ஒனக்கு?" என்று அக்காள் புருஷன் என் காதுக்குள் பல்லைக் கடித்தார். கங்காணி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் பொறப்படுங்க," என்றார்.

நானும் திரும்பிவிட்டேன். அப்போது அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள்ளிருந்து ஒரு குரல், அதே மெட்டில், அவசரமே இல்லாமல் வந்தது.

"சாப்பிடாம நிக்கும் ஆளைச் சேத்துக்கொள்ளும் கங்காணி!"

வள்ளிதான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கும்மி மறுபடி பிடித்துக்கொண்டது. யார் பாடி முடித்தால் என்ன, நாலு அடியும் நிறைந்துவிட்டதால் வழக்கப்படி வழிவிட்டே ஆகவேண்டும். கங்காணி வாசலைவிட்டு விலகி நின்றார்.

"பாட்டெல்லாம் வாசலோட நிக்கட்டும். உள்ள வாங்க," என்றார்.

வாசலோடு நிற்கவில்லை. மறுநாளே காப்பிக் களத்தில் அதைத்தான் பாடினார்கள். அடுத்த பழம் பறிப்பில் பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டது. குரல் கொடுக்கிற அடியை மறந்தவர்கள்கூடத் தோப்பு அடியை மறக்கவில்லை.

இலையில் நோய் விழுந்து காப்பி அழிந்தது. மாமனாரும் போய்ச் சேர்ந்தார். இப்போது மலை முழுக்கத் தேயிலை. "அந்தப் பாட்டத் தேயிலைக்கு மாத்திக் குடுங்கப்பா," என்று மகள் கேட்டாள். உட்கார்ந்து பார்த்தேன். தேயிலை என்று எடுத்தால் தோப்பு ஒட்டமாட்டேன் என்கிறது, சாப்பாடும் ஒட்டமாட்டேன் என்கிறது.

"அப்படியே விடுங்க," என்றாள் வள்ளி.

அதனால் எங்கள் பிள்ளைகள் தேயிலை கிள்ளிக்கொண்டே காப்பிக் காட்டைப் பாடுகிறார்கள். செடி போய்விட்டது, ஆளும் போய்விட்டார். ஆனாலும் என் மாமனார் தினமும் காலையில் தோப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.