பதினோரு ஒலிப்பதிவில் சிறந்ததை நான் தேர்ந்தெடுத்த விதம்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பரீட்சைத் தாளிலேயே ஒரு பக்கத்தைத் தாண்டாதவன் நான். ஆனால் டெல்லியில் எங்கள் தமிழ்ச் சர்ச்சில் எல்லாரும் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் சொன்னாலாவது கொஞ்சம் மரியாதையாக வரும் என்று பார்க்கிறேன்.

முனிர்காவில் ஒரு மொபைல் கடையில் இயர்போன் விற்கிறேன். என் அறைத்தோழன் ஜெபா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாடகர் குழுவை நடத்தி வந்தவர் மாற்றலாகிப் போனதும், ஜெபாவுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். நாலு சர்ச்சுகள் சேர்ந்து நடத்தும் ஒரு விழாவில் எங்கள் குழு ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது நன்றாக அமைந்தால் கிறிஸ்துமஸுக்குக் குழுவை நடத்தும் பொறுப்பும் ஜெபாவுக்கு. சொதப்பினால் குழுவில் மூத்தவரான ஸ்டெல்லா அக்காவுக்கு.

பாட்டு, எல்லாரும் எழுந்து நின்று கேட்பார்களே, அந்த இங்கிலீஷ் 'அல்லேலூயா' கோரஸ். (எந்தக் காலத்திலோ ஒரு ராஜா எழுந்து நின்றாராம், அன்றிலிருந்து வழக்கமாம். அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும் என்பது என் கருத்து.) குழுவில் பாதிப் பேருக்கு மியூசிக் நோட்டு வாசிக்கத் தெரியாது. ஏதாவது ஒரு ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பழக வேண்டும். ஆளாளுக்கு ஒன்றை அனுப்பியதில் பதினொன்று சேர்ந்துவிட்டது, கூடவே சண்டையும். இயர்போன் விற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று யாரோ சொல்ல, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தெரியாது என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்?

கடையில் இருந்ததிலேயே விலை அதிகமான ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றில் மெட்ரோ கதவு மூடப்போகிற மாதிரி ஓடினார்கள். இன்னொன்றைக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து, பேரம் பேசி, வாங்காமலே போய்விட்டார். ஏழாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏதோ பிரம்மாண்டமான தேவாலயத்தில் பாடியது. பாட்டின் கடைசியில் எல்லாரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். குரல் மட்டும் கூரையைச் சுற்றி வந்து மெல்ல அடங்குகிறது. பிறகுதான் கடைசி வரி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஜெபாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏல, எதிரொலில தாளமே முங்கிப் போகுது. வேற பாரு."

"நீ நர்ஸு. நான் இயர்போன் விக்கிறவன். காது யாரு டிபார்ட்மெண்டு?"

"காது டிபார்ட்மெண்டும் ஆஸ்பத்திரிலதாம்ல இருக்கு."

இருந்தாலும் விட்டுக்கொடுத்தான். பெரிய ஸ்பீக்கரில் அதைப் போட்டு, கூடவே பாடிப் பழகினோம். அந்தக் கடைசி இடைவெளிக்கு நான் சொந்தமாக ஒரு விதி வைத்திருந்தேன்: எதிரொலி அடங்கியதும் ஆரம்பிக்க வேண்டும். எப்போது ஆரம்பிப்பது என்று தன் கையைப் பார்க்கச் சொல்லி ஜெபா நூறு தடவை சொல்லியிருப்பான். துல்லியமான காது இருக்கும்போது கை எதற்கு? கடைசி இரண்டு பயிற்சியில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்களாம். அந்த இரண்டுக்கும் நான் போகவில்லை. எனக்குத்தான் பாட்டு மனப்பாடமாயிற்றே.

விழா சாணக்யபுரியில், ஒரு ஹாலில். தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் கனத்த திரைச்சீலை. இருமினால் இருமியவருக்கே கேட்காது. ராஜா பழக்கிய வழக்கப்படி எல்லாரும் எழுந்து நின்றார்கள். நன்றாகத்தான் பாடினோம். இடைவெளி வந்தது. எல்லாரும் நிறுத்தினோம்.

எதிரொலி வரவில்லை. வராதது அடங்கியதற்குச் சமம் என்று என் துல்லியமான காது முடிவு செய்தது.

"அல்" என்றேன்.

தனியாக. கடைசி வரிக்காகச் சேமித்து வைத்திருந்த மொத்த மூச்சோடு. "லே" வந்தபோதுதான் இது என் குரல் மட்டும் என்பது தெரிந்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் என்னை நம்பி நாலு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் ஜெபாவின் கையை நம்பிக் காத்திருந்து, பின்னால் வந்து சேர்ந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

திரும்பும்போது ஜெபாவும் நானும் ஒரே ஆட்டோ. சரோஜினி நகர் தாண்டியதும் நானே கேட்டேன்: "சுருதி சரியாத்தான இருந்துச்சு?"

"சுருதி சரிதாம்ல. ஒனக்கு மட்டும் நேரம் தனியா ஓடுது."

அந்தக் கிறிஸ்துமஸ் ஸ்டெல்லா அக்காவுக்குப் போனது. ஜெபா பின்வரிசையில் நின்று பாடினான். என்மேல் கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கிண்டலாவது செய்திருப்பேன். அவன் கோபப்படவில்லை. ஒரு வாரம் நானே சமைத்துப் போட்டேன். (அது தண்டனையாகிவிட்டது, அவனுக்கு.) அடுத்த ஈஸ்டருக்கு அவனையே கூப்பிட்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: நான் மைக் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் எங்கள் பாஸ்டர் ஐயர் ஜெபத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினால் சர்ச்சே என் பக்கம் திரும்புகிறது. தென்காசியிலிருந்து அம்மா போன் பேசும்போது நான் ஒரு நொடி பேசாமல் இருந்தால், "அல் சொல்லப் போறியா ராசா?" என்கிறாள்.

இதை எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டு ஜெபாவுக்கு அனுப்பினேன். அவன் டியூட்டியில் இருந்தான். பத்து நிமிடம் பதில் இல்லை. பொறுமை இல்லாமல் அனுப்பிவிட்டு, அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். பதில் உடனே வந்தது:

"ஏல, இதையாவது நான் கை காட்டுனப்புறம் அனுப்பக் கூடாதா?"