ஒரு குழாய் எச்சில்

“துப்புடா!” என்றான் எமுரோன்.

ஒபொலோட் கையிலிருந்த சின்னக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எதுக்குடா?”

“சில பேருக்கு மரபணுவே கோளாறாம். உடம்புக்குள்ள சும்மா சும்மா அழற்சியைக் கிளப்பிவிடுமாம். கடைசியில மாரடைப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போகலாமாம். ஆஸ்பத்திரியில எச்சிலை வச்சே கண்டுபிடிச்சிடுறாங்க. என் பொண்டாட்டி அமுகே என் பேரைக் குடுத்துட்டா.”

“உன் எச்சிலைக் குடேன்.”

“இருக்குன்னு வந்துட்டா அமுகே என்னைக் கள்ளுப் பானைப் பக்கமே விடமாட்டாடா! நீ ஓணான் மாதிரி இருக்கே. உனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது. துப்பு!”

ஒபொலோட் துப்பினான். எமுரோன் குழாயை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி மத்தியானம் முழுக்க வாயைப் பிளந்து தூங்கினான். மறுநாள் அமுகேயே குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் அசெகென்யே போன் செய்தாள்.

“இருக்கு சார். அம்மா வழி, அப்பா வழி ரெண்டுலேருந்தும் வந்திருக்கு. பயப்படாதீங்க, மாரடைப்பு வந்தே தீரும்னு இல்ல. ஆனா வாயைக் கட்டணும்.”

அமுகே உடனே கட்டிவிட்டாள். உப்பில்லாக் கீரை, கேழ்வரகுக் களி. பன்றி வறுவல் போச்சு. சாயங்காலப் பானையும் போச்சு. அந்தக் கேழ்வரகுக் கள் இல்லாமல் சொரோட்டி ஊரில் மனுஷன் எப்படி உயிர் வாழ்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் கோளாறு ஒபொலோட்டுக்கல்லவா? அந்தப் பாவியோ பானையடியில் உட்கார்ந்து கொழுப்புத் துண்டாய்ப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தான்!

“டேய், குறைச்சுக்கடா,” என்று எமுரோன் போய்க் கெஞ்சினான்.

“உனக்குக் கிடைக்கலேன்னு பொறாமை!”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சட்டென்று ஒபொலோட் கள் உறிஞ்சும் நீளக் குழலைப் பானையிலிருந்து உருவி, முழங்காலில் வைத்து முறித்துவிட்டான்.

பானையைச் சுற்றி ஆளுக்கொரு குழல். அடுத்தவன் குழலைத் தொடுவது அவன் சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். முறித்தால் கேட்கவே வேண்டாம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “இனி இந்தப் பானைப் பக்கம் காலை வச்சே, தெரியும் சேதி!”

முப்பது வருஷச் சிநேகிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எமுரோனுக்கு அதுதான் தாங்கவில்லை. மறுநாள் காலையில் அவனைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

“சிஸ்டர், நான் ஒரு பித்தலாட்டக்காரன். அந்த எச்சில் இவனோடது. இவனைக் காப்பாத்துங்க!”

“எனக்கா?” ஒபொலோட் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ஐயோ சார், நீங்க ஏமாத்துவீங்கன்னு தெரிஞ்சுதான் உங்க வீட்டம்மா முன்கூட்டியே ரெண்டாவது குழாய் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க மத்தியானம் வாயைப் பிளந்து தூங்குறப்ப, தாடைக்கடியில பிடிச்சே அதை நிரப்பிட்டாங்களாம். நாங்க சோதிச்சது அதைத்தான்!”